ரேகாவும் மஞ்சள் பட்டையும்

பெரிய மனுசங்களைப் பத்தி எழுத ஊருல ஆளுங்க ஜாஸ்தி. நான் எழுதப்போறது ரேகாவைப் பத்தி. யாரு அந்த ரேகான்னு கேப்பீங்க. கேளுங்க, சொல்றேன். ஆனா எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவமும் சட்டுனு வரும். அதை இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

என் பேரு லலிதாம்பாள். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் வீடு. வேலை கடலூருக்குப் பக்கத்துல செம்மங்குப்பத்துல. கெமிக்கல் கம்பெனிங்களுக்கும் சக்கரை ஆலைங்களுக்கும் டேங்க், பைப்பு எல்லாம் செஞ்சி குடுக்குற ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. அதுல பர்ச்சேஸ் செக்‌ஷன் என்னோடது. தகடு, வெல்டிங் ராடு, நட்டு போல்ட்டு எல்லாம் நான்தான் வாங்கிப் போடணும். ரயில் பாதையை அகலப்படுத்துறோம்னு வருசக்கணக்கா மூடி வச்சிருந்தாங்களே, அந்தக் காலம். பஸ்ஸுல இடிபட்டு வந்து எறங்குவேன். எதிர்ப்பக்கம் கடலூர் பஸ்ஸுலேருந்து ரேகா எறங்குவா. முதுநகர்ப் பொண்ணு. இஞ்சினியரிங் படிச்சிட்டு மெட்ராஸ்ல வேலை பாத்துக்கிட்டிருந்தவ. அவ அம்மா அமராவதி கிணத்தடியில வழுக்கி வுழுந்து இடுப்பு ஒடைஞ்சிபோச்சி. அப்பா கிடையாது. அம்மாவைத் தனியா வுட முடியாதுன்னு மெட்ராஸ் வேலையை வுட்டுட்டு வந்து, உள்ளூர்ல ஏறாத கம்பெனிப் படி இல்ல. எங்க கம்பெனியிலதான் எடுத்தாங்க. அதுவும் தற்காலிகம்.

எதுக்கு எடுத்தாங்கன்னா, ரெண்டாயிரத்து ஒம்போது ஆடி மாசம் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் ஒரு சாஃப்ட்வேர் வாங்குச்சி. எந்த வேலை, யார் கையில, எவ்வளவு முடிஞ்சிருக்கு, எப்ப முடியும், எல்லாம் திரையில பட்டை பட்டையா தெரியும். சரியா போனா பச்சைப் பட்டை. தாமதமானா செவப்பு. பட்டைக்குப் பக்கத்துலயே ஆளோட பேரு. மெட்ராஸ்ல ஒக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் பாக்கலாமாம். இதை எங்க ஆளுங்களுக்குப் பழக்கிவுடத்தான் ரேகா.

ஹெட் ஆபீஸ்லேருந்து ஞானசேகரன்னு ஒரு அதிகாரி வந்து நாள் முழுக்க பாடம் எடுத்தாரு. ஆளுங்க வடையைத் தின்னாங்க, டீயைக் குடிச்சாங்க, தலையைத் தலையை ஆட்டுனாங்க. "தெனமும் காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நெலவரத்தைப் போட்டுடணும்"ன்னு சொல்லிட்டு அவர் காரேறிப் போயிட்டாரு. அன்னிக்கே அதுக்குப் 'பட்டை'ன்னு பேரு வச்சிட்டானுங்க. "இன்னாடா மச்சான், பட்டை போட்டுட்டியா?" "நெத்தியில போட்டிருக்கேன் மாமா, போதாதா?" இதே கேலிதான்.

ஆனா போடாம இல்ல, போட்டாங்க. அதுதான் வினை. எல்லாத்தையும் பச்சையா போட்டாங்க! முற்றத்துல மூடியே இல்லாம ஒரு டேங்க் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது, திரையில அது முடியப்போற வேலை. புரட்டாசியில ஞானசேகரன் மறுபடி வந்து ஷெட்டைச் சுத்திப் பாத்தாரு. மூஞ்சி சுண்டிப்போச்சி. ரேகாவைக் கூப்புட்டு என் மேசைக்கு முன்னாடியே சொன்னாரு: "டிசம்பர்ல வருவேன். அதுக்குள்ள இவங்க ஒழுங்கா பயன்படுத்தணும். இல்லன்னா உங்க போஸ்ட் எதுக்கு? எடுத்துடலாம்."

அவர் போனதும் ரேகா தண்ணி பாட்டிலைத் தொறந்து குடிச்சா. "நீ போயி அந்தப் பக்கிரியை நாலு கேள்வி கேளு. இல்ல, நான் வந்து கேக்குறேன்"ன்னேன்.

பக்கிரி எங்க ஷெட் ஃபோர்மேன். ஆளு தங்கம், தப்பு சொல்ல மாட்டேன். ஷெட்டுல அவர் வச்சதுதான் சட்டம். அவர் பச்சை போட்டா எல்லாரும் பச்சை.

"கேக்கலாங்க்கா. ஆனா கத்தி கேட்டா இன்னும் பச்சையா போடுவாங்க"ன்னா ரேகா.

அதுக்கப்புறம் அவ தெனமும் காலையில ஷெட்டுல போயி நிக்க ஆரம்பிச்சா. எங்க ஷெட்டுல ஒரு வழக்கம். முருகன் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கிரி அண்ணன் ரெண்டுக்கும் சூடம் காட்டுவாரு. எல்லாரும் தொட்டுக் கும்புட்டுட்டு அப்படியே நின்னு அன்னன்னிக்கி வேலையைப் பேசுவாங்க. "மூடி வச்சிடலாமாண்ணே?" "ஆயிடும்." "பைப்பு வளைச்சிடுவீங்களா?" "ஆயிடும்." எல்லாமே ஆயிடும்தான். அப்படியே போயி கம்ப்யூட்டர்லயும் பச்சை போட்டுட்டுப் போவாங்க.

ஒருநாள் ரேகா கேட்டா: "அண்ணே, அந்த மூடிக்குத் தகடே இன்னும் வெட்டலியே. எப்படி ஆவும்?"

பக்கிரி அண்ணன் தர்மசங்கடமா சிரிச்சாரு. "தெரியும் பாப்பா. அதுக்காக சாமி கும்புட்ட வாயால 'ஆவாது'ன்னு எப்படி சொல்றது? நாள் வெளங்குமா?"

நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குச் சுர்ருனு ஏறுச்சி. "காதுல பூ சுத்தாதீங்க பக்கிரி! வேலை செய்யாததுக்கு முருகன் மேல பழியா?"ன்னு எகிறிட்டேன். ரேகா என் கையைப் புடிச்சி வெளிய இழுத்துக்கிட்டு வந்துட்டா.

"அக்கா, எங்க வீட்டுல அரிசி தீந்துபோனா எங்க அம்மா இன்னா சொல்லும் தெரியுமா? 'அரிசி நெறைய இருக்கு, வாங்கியா'ன்னும். ஒங்க வீட்டுல?"

எங்க வீட்டுலயும் அதேதான்! உப்பு தீந்தா உப்பு நெறைய இருக்கு.

"அவுங்க பொய் சொல்லலக்கா. நாமதான் சொல்ல முடியாத நேரத்துல கேக்குறோம்"ன்னா. அடடா! இத்தனை வருசமா அந்த ஷெட்டைப் பாக்குறேன், எனக்குத் தோணல பாருங்க. வந்து சேந்து சில மாசம்தான் ஆவுது, அவளுக்குத் தோணுச்சி. அவ மேல எனக்கு மரியாதை வந்தது அன்னிக்குத்தான்.

மறுநாளே அவ மூணு காரியம் பண்ணா. ஆபீஸ் ரூம்ல இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுப் போயி ஷெட்டுல டீ குடிக்கிற எடத்துல வச்சா. கிரைண்டிங் தூசு படாம மேல ஒரு பிளாஸ்டிக் உறை. நெலவரம் போடுறதைக் காலையிலேருந்து சாயங்கால டீ நேரத்துக்கு மாத்துனா. பொழுது சாயுறப்ப, கையில டீ கிளாஸோட, அவனவன் தானா பொலம்புற நேரம் அதுதானே! மூணாவதுதான் எனக்குக் கதிகலங்குச்சி. 'தாமதம்'ங்கிறதை எடுத்துட்டு, தமிழ்ல 'கை வேணும்'ன்னு போட்டா. செவப்பை எடுத்துட்டு மஞ்சளாக்கிட்டா.

"யாரைக் கேட்டு மாத்தின?"ன்னேன்.

"யாரையும் கேக்கல."

"உன் வேலையே ஊசலாடுது, இதுல இது வேறயா!"

"கேட்டா வேணாம்பாங்கக்கா"ன்னு சிரிச்சா. நல்லா வேணும் எனக்கு.

மொதல் மஞ்சள் பட்டை அவ பேருல அவளே போட்டது. பெண்ணாடம் பக்கத்துச் சக்கரை ஆலைக்கு ஒரு டேங்க், கரும்புச் சாறு சூடாக்குறது. அதோட வரைபடத்துல ஒரு அளவு அவளுக்குப் புரியல. எல்லாரும் டீ குடிக்கிறப்ப 'ரேகா – கை வேணும்'ன்னு திரையில போட்டுட்டு, அவளும் டீ குடிச்சிக்கிட்டு நின்னா. வரைபட செக்‌ஷன் அந்தோணிசாமி கிளாஸை வச்சிட்டு வந்து, "இதுக்கா இம்மாம் பெரிய பட்டை? குடும்மா"ன்னு சரிபண்ணிக் குடுத்தாரு. பட்டை பச்சையாச்சி. யாரும் யாரையும் திட்டல. ஆளுங்க அதைப் பாத்துக்கிட்டே நின்னாங்க.

அடுத்தடுத்த நாள்ல ஒண்ணு ரெண்டு மஞ்சள் வந்துச்சி. பக்கிரி அண்ணன் மட்டும் அசையல. "நான் வாயால சொல்றேன், நீ அடிச்சிடு பாப்பா"ன்னாரு. எனக்கும் அதுதான் சுலுவா பட்டுது. ரேகா ஒத்துக்கல. "நான் அடிச்சா அது என் பட்டைண்ணே. நீங்க அமுக்குங்க. ஒரே பட்டன்தான்."

ஐப்பசிக் கடைசியில, அடை மழையில, ஒரு சாயங்காலம் அண்ணன் கையை வேட்டியில தொடைச்சிக்கிட்டு அந்தப் பட்டனை அமுக்குனாரு. பெண்ணாடத்து டேங்க், பக்கிரி, கை வேணும். தகடு வளைக்கிற மிஷின் பழுதாயிருந்துச்சி. முன்னையா இருந்தா லாரி வந்து வாசல்ல நிக்கிறப்பதான் எங்களுக்கு விசயமே தெரியும். இப்ப நான் உடனே கடலூர்ல இன்னொரு பட்டறையைப் புடிச்சித் தகட்டை வளைக்க வச்சேன். ஆலைக்கும் ஃபோன் போட்டு, அடிப்பாகம் மொதல்ல வரும், மேல்பாகம் பின்னாடி வரும்னு சொல்லிட்டேன். "முன்னாடியே சொன்னீங்களே, சந்தோசம் மேடம். வயல்ல கரும்பு வெட்டுறதை அதுக்கேத்தாப்புல சொல்லிடுறோம்"ன்னாங்க. அரவைக்கு முன்னாடி டேங்க் போயிச் சேந்துச்சி. கரும்பு வெட்டிப்போட்டுக் காயல.

மார்கழி வந்துச்சி. ஞானசேகரனும் வந்தாரு. வந்தவர் காலங்காத்தால நேரா ஷெட்டுக்கே வந்துட்டாரு. பக்கிரி அண்ணன் அப்பதான் சூடம் காட்டி முடிச்சிருந்தாரு. தட்டுல சூடம் இன்னும் எரிஞ்சிக்கிட்டிருந்துச்சி.

திரையைப் பாத்தாரு. பாதிக்குப் பாதி மஞ்சள். மெட்ராஸ்ல இத்தனை நாளா அதைத் தொறந்தே பாக்கல போல. "என்ன இது? போன தடவை எல்லாம் பச்சையாவாவது இருந்துச்சே! 'கை வேணும்'னா என்ன அர்த்தம்? யார் இதை மாத்தினது?"

"நான்தான் சார்"ன்னா ரேகா.

"யார் பர்மிஷன்ல?"

அவ பதில் சொல்றதுக்குள்ள நான் பாஞ்சேன். பெண்ணாடம் கதையைச் சொன்னேன், வளைக்கிற மிஷினைச் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திட்டாரு. "மேடம், அது ஒரு வேலை. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு சாஃப்ட்வேரை மாத்தினா கம்பெனி நடக்காது." ரேகா பக்கம் திரும்பி, "இந்த மாசத்தோட போதும்மா. இவங்கதான் பழகிட்டாங்களே, இனிமே அவங்களே பாத்துப்பாங்க"ன்னாரு.

ரேகாவுக்கு மூக்கு நுனி செவந்துபோச்சி. எனக்கு அவ அம்மா ஞாபகம்தான் வந்துச்சி. வாக்கரைப் புடிச்சிக்கிட்டு, வாசக்கதவாண்ட இவ வர்ற நேரம் பாத்து நிக்கிற அமராவதி.

ஞானசேகரன் பக்கிரி அண்ணனைப் பாத்துக் கேட்டாரு: "என்ன ஃபோர்மேன், இந்தப் பொண்ணு இல்லாம நீங்களே பாத்துப்பீங்கல்ல?"

ஐயோ, போச்சிடான்னு ஆயிடுச்சி எனக்கு. எங்க எல்லாருக்கும் தெரியும், காலையில, சூடம் காட்டின கையோட, இந்த மனுசன் வாயிலேருந்து என்ன வரும்னு. ஒரே ஒரு வார்த்தைதான் வரும். அது வந்தா ரேகா கதை முடிஞ்சிது. அந்தோணிசாமி மாதா படத்தைப் பாத்தாரு. நான் பல்லைக் கடிச்சிக்கிட்டேன்.

அண்ணன் தொண்டையைச் செருமுனாரு. எரியிற சூடத்தைப் பாத்தாரு. ரேகாவைப் பாத்தாரு.

"ஆவாது சார்."

அண்ணன் படங்க பக்கம் திரும்பி, ரெண்டு கன்னத்துலயும் படபடன்னு போட்டுக்கிட்டாரு. கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாரு. அப்புறம் ஞானசேகரனுக்கு நேரா திரும்பி நின்னு, இன்னும் சத்தமா சொன்னாரு:

"பாப்பா இல்லாம ஆவாது சார்."

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சி, தொடைக்கக்கூட தோணல. ரேகா மூஞ்சியைத் துப்பட்டாவால மூடிக்கிட்டா. ஞானசேகரனுக்கு ஒண்ணும் வெளங்கல. அண்ணன் ஏன் கன்னத்துல போட்டுக்குறாருன்னு என்கிட்ட தாழ்ந்த குரல்ல கேட்டாரு. சொன்னேன். கத்தாம, பொறுமையா, அரிசிக் கதையோட சேத்துச் சொன்னேன். கேட்டுட்டு அந்தச் சூடத்தட்டைப் பாத்தாரு. "எங்க வீட்டுலயும் அரிசி நெறையத்தான் இருக்கும் மேடம்"ன்னாரு.

தை மாசம் ரேகாவை நிரந்தரம் பண்ணி ஆர்டர் வந்துச்சி. பட்டை மஞ்சளாவே இருக்கட்டும்னும் அதுலயே எழுதியிருந்துச்சி. இப்ப ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. எங்க மத்த ஷெட்டுங்களுக்கும் போயி அவதான் பட்டை பழக்கிவுடுறா, பொழுதுக்கு முதுநகர் திரும்பிடுறா. பக்கிரி அண்ணன் இன்னும் தெனமும் சூடம் காட்டுறாரு. எதைக் கேட்டாலும் ஆயிடும்னுதான் சொல்றாரு. அந்த இன்னொரு வார்த்தையைக் காலையில அவர் வாயால நாங்க கேட்டது அந்த ஒரு நாள்தான்.