மூன்று அடிக்குப் பிறகு கையெடுக்க வேண்டும்

தாம்பரம் மேற்கில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த வீடியோ கேம் கடை இருந்தது. நான்கு டிவி, எட்டு ஜாய்ஸ்டிக், ஒரு டேபிள் ஃபேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் வகுப்பில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம்.

நாங்கள் உயிரை விட்ட ஆட்டம் ஒன்றுதான். இரண்டு வேறு கம்பெனிகளின் நாயகர்களை ஒரே திரையில் மோதவிட்ட சண்டை ஆட்டம். ஆளுக்கு மூன்று பேர். ஒருவன் அடிவாங்கிக் களைத்தால் அடுத்தவனை உள்ளே இழுக்கலாம். வெளியே நிற்பவனைக் கூப்பிட்டு ஒரு குத்து விடச் சொல்லி அனுப்பிவிடலாம். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எந்த மூவரைச் சேர்த்தால் சரிவரும் என்று யோசிப்பதே தனிச் சுகம். பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

குறையும் இருந்தது. ஐம்பது பேரில் உருப்படியானவர்கள் ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள். அந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி, எதிரியைத் திரையின் மூலைக்குத் தள்ளிவிட்டால் உயிர் போகும்வரை விடாமல் அடிப்பாள். அடிவாங்குகிறவன் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு விற்றிருக்கலாம்.

அதனால் கடையில் ஒரு வழக்கம் வந்தது. மூலையில் மாட்டியவனை மூன்று அடி அடிக்கலாம். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்து, ‘விட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அவன் வெளியே வந்தபின் மறுபடி தொடங்கலாம். யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கையெடுக்காதவனோடு யாரும் ஆடமாட்டார்கள்.

என் தங்கை அப்போது பிளஸ் ஒன். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து கேம் பெட்டியை வாடகைக்கு வீட்டுக்குக் கொண்டுவருவேன். எதிரே உட்கார ஆள் வேண்டுமே என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். கையெடுக்கும் வழக்கத்தையும் நான்தான் சொன்னேன், பெரிய தர்மவான் மாதிரி. ஆறே மாதத்தில் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தாள், அதுவும் யாருமே சீண்டாத மூன்று பேரை வைத்துக்கொண்டு. வீட்டில் தோற்பது எனக்கு உறைக்கவில்லை. பார்க்க ஆளில்லையே.

“நானும் கடைக்கு வரேண்ணா. மாசத்துல ஒரு நாள் பத்தல” என்றாள்.

அந்த மாடிப்படியில் ஒரு பெண் ஏறி நான் பார்த்ததில்லை. எப்படியும் மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“இட்டுகினு வா. இங்க நீதான பெரிய ஆளு? உன்ன ஜெயிச்சா சனிக்கெழம சனிக்கெழம வரட்டும், எவனும் வாயத் தொறக்க மாட்டான். தோத்துட்டா அப்பால என்னக் கேக்காத.”

அப்படியே அவளிடம் சொன்னேன். அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதுகூட அவள் கட்டைவிரல் தட்டின் விளிம்பில் அசைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மதியம் ரயில்வே நடைமேம்பாலம் ஏறி இறங்கி இருவரும் போனோம். பெஞ்சின் ஓரத்தில் துப்பட்டாவை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். எங்கள் பின்னால் என் நண்பர்கள் ஏழெட்டுப் பேர். “மச்சான், தங்கச்சிகிட்ட தோத்துட்டு நாளைக்கு எப்படிடா வெளிய வருவ?” என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கு இருவர் விழுந்தார்கள். கடைசியாக என்னிடம் அந்த மூலைக்காரி மட்டும். அவளுக்கும் உயிர் நூலளவு. தங்கை என்னை மூலைக்குத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இன்னும் ஒரே அடி போதும், ஆட்டம் முடிந்துவிடும். கையை எடுத்தாள்.

“விட்டேண்ணா.”

நான் வெளியே வந்தேன். தாண்டிக் குதித்து அவளை எதிர் மூலைக்குத் தள்ளினேன். மூன்று அடித்தேன். நான்காவது அடித்தேன். விரல் தானாகப் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். எண்ணிக்கொண்டுதான் அடித்தேன். பதினொன்றோ பன்னிரண்டோ வரும்போது அவள் திரையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பர்கள் கை தட்டினார்கள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். கடைக்கார அண்ணன் மட்டும் தட்டவில்லை.

“இன்னாப்பா, ஆட்டம் சரிதானா?” என்று என்னைத்தான் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அதற்காகத்தான் கேட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

“சரிதாண்ணா” என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது காது சுடுகிறது. ஜெயிக்க ஆசைப்பட்டதுகூடப் பரவாயில்லை. அந்த ‘சரிதாண்ணா’வுக்கு மன்னிப்பு கிடையாது.

திரும்பும்போது பாலத்தில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அடுத்த மாதம் பெட்டியைக் கொண்டுவந்தபோது படிக்க இருக்கிறது என்றாள். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னாள். பிறகு நான் கொண்டுவரவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு அம்மா தோசை சுட்டுக்கொண்டே, “போட்டி என்னடி ஆச்சு?” என்று கேட்டாள். தங்கை இப்போது சொல்லிவிடுவாள், அப்பா காதிலும் விழும் என்று குனிந்துகொண்டேன்.

“அண்ணன்தாம்மா ஜெயிச்சான். நல்லா ஆடினான்” என்றாள்.

அம்மாவுக்கு ஒரே பெருமை. என் தட்டில் இன்னொரு தோசை போட்டாள். அதையும் தின்றேன்.