சாம்பலுக்குச் சாத்திய ஜன்னல்

ராமசெல்வி ஜெயித்தவை இவை. மூன்று வயதில் போலியோ இழுத்துக்கொண்ட இடது காலை, ஏழு வயதில் ஊன்றுகோலோடு நடக்க வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போக ஆளில்லாததால் படிக்கவில்லை. ஆனால் வலது காலாலேயே தையல் மிஷினை மிதித்து, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தாள். மூச்சிழுப்பு நோயோடு இருபத்திரண்டு வருடம் எண்ணூரில் குடித்தனம் செய்தாள். முன்னறை, பின்னறை என்று இரண்டே அறை உள்ள வீட்டைத் தன் பேரிலேயே வாங்கினாள். பத்திரத்தில் மட்டும் கைநாட்டு.

அந்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரை. அதை எடுத்துவிட்டுத் தளம் போடுவதற்காக, 2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை காலை, மேஸ்திரி பொன்ராஜ் இரண்டு ஆட்களோடு வந்தான்.

"சீட்டு எடுக்கிறது மூணு நாள் வேலைக்கா. முன் ரூமு முடிச்சிட்டு அப்பால பின்னால வர்றேன். நீ உள்ள குந்திகினு இரு, போதும்."

அக்கா குப்பம்மா அடுத்த தெருவிலிருந்து வந்து கூப்பிட்டாள். "எங்கூட்டுக்கு வாடி. தூசி உனுக்கு ஆவாது."

"மாசி மகத்துக்குப் பதினோரு ஜாக்கெட்டு தரணும்கா. தூசி எனக்குத் தெரியாதா இன்னா? சாம்பலையே பாத்தவ நான்."

எண்ணூரில் காற்று திரும்பினால் அனல் மின் நிலையச் சாம்பல் சோற்றுத் தட்டுவரை வரும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரப்புடவையைத் திணித்துவிடுவார்கள். அதில் ராமசெல்வியை மிஞ்ச ஆளில்லை. அன்றும் பின்னறையின் ஒரே ஜன்னலைச் சாத்தி, பழைய நூல் புடவையை நனைத்துச் சுற்றிலும் அடைத்தாள். கதவிடுக்கிலும் ஒரு துண்டு.

இரண்டு அறைக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. முன்னறையில் சீட்டை உடைக்க உடைக்க, தூசி அந்த வழியாக வந்து உள்ளே இறங்கியது. வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

அவளுக்கும் வழியில்லை. தெருவுக்குப் போக முன்னறையைத்தான் தாண்டவேண்டும். அங்கே முழங்கால் உயரத்துக்கு உடைசல். கணவன் பீம்ராவ் ஆறு மணிக்கே கன்டெய்னர் யார்டுக்குப் போய்விடுவார். ஒன்றுக்குப் போகக்கூட ஆட்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருக்கவேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். மூன்று நாள் நான்காயிற்று, ஐந்தாயிற்று. மிஷினைத் துடைத்தால் அரை மணியில் மறுபடி வெள்ளை பூத்தது. தைக்க முடியாத நேரத்தில், எப்படியும் பூசப்போகிற சுவர்தானே என்று, துணியில் கோடு போடும் சாக்கட்டியால், ரேஷன் கார்டைப் பார்த்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பொழுது அப்படித்தான் போயிற்று.

ஆறாம் நாள், சனிக்கிழமை. துருப்பிடித்த போல்ட்டு கழலவில்லை என்று பொன்ராஜ் அறுக்கும் மிஷின் கொண்டுவந்தான். சத்தம் எழும்பியதுமே சுவருக்கு மேலிருந்து மாவு கொட்டுவதுபோல் கொட்டியது. ராமசெல்விக்கு இழுப்பு வந்தது. வாயில் வைத்து அடிக்கும் மருந்துப் பம்ப்பை இரண்டு தடவை அடித்தாள், நெஞ்சு திறக்கவில்லை. கதவைத் தள்ளினாள், அந்தப் பக்கம் யாரோ சீட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஊன்றுகோலால் இடித்தாள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஜன்னல்தான் மீதி. புடவையில் கை வைத்தவள் நின்றாள். வெளியே அன்று சாம்பல் காற்று. இருபத்திரண்டு வருடம் அந்தக் காற்றில் அவள் ஜன்னலைத் திறந்ததே இல்லை.

புடவையைப் பிடுங்கி எறிந்தாள், ஜன்னல் கதவைத் தள்ளினாள். சாம்பல் முகத்தில் அடித்தது. கூடவே காற்றும் வந்தது. கம்பியில் முகத்தைப் பதித்து, அதை ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். கத்தக் குரல் எழவில்லை. ஊன்றுகோலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த குப்பம்மா அதைப் பார்த்தாள். "நிறுத்துடா மிஷின! உள்ள ஆளு கீதுடா!"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துப் புகை பிடித்த பிறகு மூச்சு நிதானித்தது. நர்ஸம்மா திட்டினார். "அந்த சீட்டை உடைக்கவே கூடாது, அறுக்கவும் கூடாது. தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்பி வராது. எந்த தைரியத்துல உள்ள இருந்தீங்க?"

திங்கட்கிழமை பொன்ராஜும் பீம்ராவும், ராமசெல்வி தங்கியிருந்த குப்பம்மா வீட்டுக்கு வந்தார்கள்.

"மிச்சம் ரெண்டு நாள் வேலைதான் செல்வி," என்றார் பீம்ராவ். "எதுக்குப் பேஜாரு?"

"மூச்சு உன்னுதா, என்னுதா?"

பீம்ராவ் தலையைச் சொறிந்தார்.

"வூடு என் பேருல கீது. நான் சொல்ற மாதிரி செஞ்சாதான் வேலை. அக்கா, நீ எழுது."

நர்ஸம்மாவிடம் கேட்டு வந்ததைத் தங்கை சொல்லச் சொல்ல, எட்டாவது படித்த குப்பம்மா ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். அறுக்கும் மிஷின் கூடாது, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, சீட்டை நனைத்து, முழுசாக இறக்கவேண்டும். உடைந்ததை ஈரத்தோடு கோணியில் கட்டவேண்டும். பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஆட்களுக்கு நல்ல மாஸ்க். எல்லாம் முடியும்வரை அவளும் தையல் மிஷினும் அக்கா வீட்டில்.

"இன்னாக்கா, கோர்ட்டு மாதிரி கீது!" என்று சிரித்தபடியே பொன்ராஜ் கையெழுத்துப் போட்டான். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தான். "மை டப்பா கீதா? அக்கா கைநாட்டு வெக்கணுமே."

"பேனாவக் குடுடா," என்றாள் ராமசெல்வி.

சுவரில் எழுதியதைவிடச் சின்னதாக, கோட்டை விட்டு இறங்காமல், ஐந்து எழுத்தையும் எழுதினாள். குப்பம்மா அதன் கீழே தேதி போட்டாள்: 19.2.2024.