அப்பா சொன்ன நெடில்

பர்மாக்காரர்கள் நம்மவர்களைக் 'கலா' என்பார்கள். அப்பா பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் ரங்கூனில். இளவட்டமாக இருக்கும்போது கப்பலேறி இங்கே வந்தவர். "'கூ'ன்னா கடக்குறது, 'லா'ன்னா வர்றது. கடல் கடந்து வந்தவங்கன்னு நமக்கு மரியாதையா வச்ச பேரு, ஆத்தா. கூலாதான் வாயில கலான்னு ஆயிப்போச்சு" என்று எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்தார். குளத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் வகுப்புக்கு வகுப்பு இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். பணி ஓய்வு விழாவில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னேன். என் மகளுக்குச் சொல்லாமல் இருப்பேனா?

மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவள் அறைக்கு ஒரு பர்மாப் பெண் புதிதாக வந்தாள். இவள் சந்தோஷத்தில், "நானும் கலாதான்" என்று கையை நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. அது ஆளைத் தாழ்த்திச் சொல்கிற பேச்சு, நாங்கள் யாரையும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல மாட்டோம் என்றாளாம். இவள் விடாமல் கூ, லா என்று விளக்கவும், அவர்கள் அரசாங்கத்தின் மொழி ஆணையம் போட்ட அகராதியைத் திறந்து காட்டிவிட்டாள். மகள் அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கடப்பதற்குக் கூ நெடில். நமக்கு வைத்த பேரை வாயில் கலா என்றாலும் எழுதுவது குலா; அதில் கு குறில். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குறில் நெடில் தெரியாத பிள்ளைகளின் காதைத் திருகியவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருக்கோகர்ணம் வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ஆணையத்துக்காரனுக என்னத்தக் கண்டானுக" என்றார்.

"நீங்க அங்க பர்மீஸ்லதானப்பா படிச்சீங்க? இந்த எழுத்து ஒங்களுக்குத் தெரியாதா?"

டிவியை அணைத்தார். "தெரியும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர், அதுவும் பெற்ற மகளிடம். வேறு யாராவது இப்படி ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவரை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு அழுகைதான் வந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரே கேட்டார். "சிங்கப்பூர்ல பிள்ளைய எவனும் அப்படிக் கூப்பிட்டானா, ஆத்தா?"

"யாரும் கூப்பிடலப்பா. அவளேதான் தன்னை அப்படிச் சொல்லிக்கிட்டா."