சீன எழுத்து காட்டும் மாவு இயந்திரம்

நான் வேலை செய்யும் நூடுல்ஸ் கடைக்கு, மாவு பிசைந்து வெட்டித் தரும் புது இயந்திரம் ஒன்று சீனாவிலிருந்து வந்தது. அதன் திரை முழுக்கச் சீன எழுத்து. முதலாளி சீனர்தான். ஆனால் ரங்கூனில் அரசு சீனப் பள்ளிகளை மூடிய பிறகு பிறந்தவர். வீட்டில் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுவார், படிப்பதெல்லாம் பர்மிய எழுத்து. சொந்தக் கடையின் பெயர்ப்பலகையைக்கூட அவரால் வாசிக்க முடியாது. இது எனக்குத் தெரியும், அவருடைய தங்கைக்கும் தெரியும். இயந்திரம் விற்ற கம்பெனிக்குத்தான் தெரியாது.

எந்தப் பொத்தான் எதற்கு என்று மனப்பாடம் செய்து அவர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். தங்கை அதை நம்பாமல் பக்கத்தில் பச்சை ஒட்டினாள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் திரை வேறு பக்கத்தில் திறக்கும். அப்போது இரண்டு நிறமும் பொய். ஒரு நாள் மாவு கூழாக வந்தது, மறுநாள் பொடியாக உதிர்ந்தது. குப்பையில் கொட்டும்போது இரண்டு பேரும் என்னைத்தான் முறைப்பார்கள். நான் குப்பைக்கூடையைக் கழுவப் போய்விடுவேன். ஆனால் நாளையும் சரக்கு வராவிட்டால் தன்லியின் ஊரிலிருக்கும் தொழிற்சாலையில் வாங்கிக்கொள்வோம் என்று எங்களிடம் நூடுல்ஸ் வாங்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனபோது பொறுக்க முடியாமல் முதலாளியிடமே கேட்டேன். அவரைப் பர்மியர்கள் அண்ணனை அழைப்பதுபோல அக்கோ என்றுதான் கூப்பிடுவேன்.

"அக்கோ, பர்மிய எழுத்து வருமான்னு கம்பெனியில ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"விக்கும்போதே கேட்டாங்க, பர்மிய எழுத்து வேணுமான்னு. நாங்க சீனக்காரங்க, அது எதுக்குன்னு சொல்லிட்டேன்."

தங்கை கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைக் கசக்கி எறிந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல உன் மகளை உங்க தமிழ்க் கோயில் போர்டை வாசிக்கச் சொல்லு, பார்ப்போம்."

என் மகளுக்கும் பர்மிய எழுத்துதான் தெரியும், தமிழ் வாசிக்க வராது. நான் சிந்திய மாவைப் பெருக்கப் போனேன்.

தங்கைதான் போனை எடுத்தாள். கம்பெனியின் ரங்கூன் ஆளிடம், அண்ணனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று போட்டு உடைத்தாள். ஓரத்தில் உலக உருண்டைப் படம் இருக்கிறதே, அதைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள் என்றான் அவன். பிடித்தாள். திரை முழுக்கப் பர்மிய எழுத்து. முதல் நாளிலிருந்தே அது உள்ளே இருந்திருக்கிறது. மறுநாள் சரக்கு போனது, கடைக்காரர்களும் எங்களோடு நின்றார்கள்.

இப்போதும் சீனக் கோயில் சங்கத்து ஆட்கள் இயந்திரத்தைப் பார்க்க வந்தால், முதலாளி அந்த உருண்டையை அழுத்திச் சீனத்துக்கு மாற்றிவிடுகிறார். அவர்களிலும் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. எல்லோரும் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் போனதும் திருப்பி மாற்ற அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நான்தான் போக வேண்டியிருக்கிறது.