ஹார்வியின் வண்டியில் விளக்குப் பிடித்தவர்

க்ளெம் ராட்கிளிஃப் ஊரில் பெரிய ஆள் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் செம்மறிகள், ஒரு தகரக் கொட்டகை, ஞாயிறு தவறாமல் ஆராதனை, அவ்வளவுதான். ஆனால் ஆடுகள் குட்டி போடும் குளிர்காலம் வந்துவிட்டால் அவருக்கும் ஒரு மதிப்பு வந்துவிடும். குட்டி விழுந்த ஈரம் காய்வதற்குள் நரி வந்து நிற்கும். பக்கத்துப் பண்ணை ஹார்வி பிக்கப் வண்டியின் பின்புறம் நின்று சுடுவார். அவர் பக்கத்தில் நின்று ஸ்பாட்லைட் பிடிப்பது க்ளெம். ஹார்வியின் மனைவி நோலா வண்டி ஓட்டுவாள்.

விளக்குப் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஆட்டின் கண் பச்சையாக மினுங்கும், நரியின் கண் தணல் மாதிரி தெரியும். தெரிந்ததும் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடித்துவிடக் கூடாது. ஓரத்து வெளிச்சம் மட்டும் படும்படி ஏந்திக்கொண்டே அதைக் கிட்டே வரவிட வேண்டும். விளக்குக்கான கார் பேட்டரி ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்து, அதற்குத் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் போட்டு, சொந்தப் பிள்ளையைப் போலத்தான் க்ளெம் பார்த்துக்கொண்டார்.

இந்தக் குளிர்காலத்தில் ஹார்வி அவரைக் கூப்பிடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புதிதாக நிலம் வாங்கி வந்த பிரெண்டன் கையில் ஒரு புது விளக்கு இருந்தது. அதன் பேட்டரி சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். வெளிச்சமோ மலையடிவாரம் வரைக்கும் போகும். இப்போது வண்டியில் ஹார்வியின் பக்கத்தில் நிற்பது அவன்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. துப்பாக்கியும் விளக்குமாகக் கிளம்புகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குப் போன் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதைக் கேட்டவர்கள் அந்த மேய்ச்சலில் கால் வைக்கக் கூடாது. இதில் யாராவது தவறினால் முதலில் சண்டைக்குப் போகிறவர் க்ளெம்தான். முன்பெல்லாம் ஹார்வியின் போன் வந்தால், "கிளம்பி வாடா" என்று அர்த்தம். இப்போது நோலா கூப்பிட்டு, இன்றைக்கு இவர்கள் இறங்குகிறார்கள், தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். யாரோ மூன்றாம் மனிதருக்குச் சொல்வதைப் போல.

போன் வந்த ஒவ்வொரு நாளும் க்ளெம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த வெளிச்சம் அலைவதையே பார்ப்பார். மனைவி ஜாய்ஸ் சூப்பு ஆறிவிடும் என்று கூப்பிடுவாள்.

"பாரு, விளக்க எப்படி ஆட்டுறான்னு. பாலுக்குக் காத்திருக்கிற பூனை வாலு மாதிரி."

"உனக்கு ஏன் வயிறு எரியுது? சாப்பிட வா."

"எனக்கென்ன எரிச்சல்," என்பார். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் ஹார்வியின் ஆடுகளுக்காக வேண்டிக்கொள்வார். கூடவே அந்த விளக்கு அணைந்துபோகட்டும் என்ற எண்ணமும் நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆண்டவர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அவசரமாக ஆமென் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் மாலை, இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அந்த விளக்கு அணைந்தே போயிற்று.

க்ளெம் எழுந்து நின்றார். அவர் அறிந்தவரை வேலை முடியாமல் யாரும் விளக்கை அணைக்கமாட்டார்கள். பழைய பேட்டரி என்றால் மங்கிக் காட்டும், சொல்லிக்கொண்டு போகும். இந்தப் புதுசுகள் குளிரில் பொட்டென்று போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தில் போன் செய்ய வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. கொட்டகைக்குப் போய், பழைய விளக்கும் பேட்டரியும் இருந்த மரப்பெட்டியைத் தூக்கினார். இடுப்பில் சுருக்கென்றது. பொருட்படுத்தாமல் வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஹார்வியின் மேய்ச்சலுக்குள் நடந்தார். கையில் டார்ச் இருந்தது, போடவில்லை. வெளிச்சம் பட்டால் நரி கலைந்துவிடும் என்ற பழைய பழக்கம்.

பாதி தூரத்தில் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றித் தாழ் போடும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் புது விளக்கு அவர் முகத்தில் அடித்தது. கண் கூச அசையாமல் நின்றார். அந்த நிலையிலும், நல்ல விளக்குதான் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது.

ஹார்வி துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு இறங்கி வந்தார். 

"போன் பண்ணாம இருட்டுல வர்ற. எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசுறவன் நீ. உன்னைச் சுட்டுட்டு நான் ஜாய்ஸ் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"

"பேட்டரி போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"டீ குடிச்சிட்டிருந்தோம்."

வண்டியின் பின்பலகையில் பிளாஸ்க் ஒன்றும் இரண்டு குவளைகளும் இருந்தன. அந்த இரண்டாவது குவளையைப் பார்த்தபோதுதான் க்ளெமுக்குச் சூடு பட்டது போல் ஆயிற்று. எத்தனையோ குளிர்காலம் அவர் குடித்த குவளை அது.

பெட்டியைக் கீழே வைத்த அவரால் நிமிர முடியவில்லை. ஹார்வி தோளைப் பிடித்து நிமிர்த்தினார். போன வருஷம் இந்தப் பெட்டியை இறக்கும்போதுதான் க்ளெமின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை அவர் ஹார்வியிடம் மறைத்துவிட்டார், ஜாய்ஸ் மறைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஹார்வியைத் தனியாகக் கூப்பிட்டு, அவரை இனி வண்டியில் ஏற்றாதே என்று கெஞ்சியிருக்கிறாள். இப்போது ஹார்வி அதையெல்லாம் சொன்னார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேப்பியா?"

பிரெண்டன் தன் குவளையைக் கழுவி டீ ஊற்றி நீட்டினான். பிறகு விளக்கையும் நீட்டினான். "நீங்க பிடிங்கண்ணே. எனக்கு இன்னும் சரியா வரல."

க்ளெம் அதை வாங்கிப் பார்த்தார். கையில் கனமே இல்லை. பிடித்துக்கொண்ட இடுப்போடு வண்டியின் மேல் ஏற முடியாது என்று அவருக்கே தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த வருஷம் நோலாவுக்கு இரவில் கண் தெரியாமல் போய்விட்டதால் ஹார்வியே ஓட்டி, நிறுத்தி, ஏறிச் சுட வேண்டியிருந்தது. அதற்குள் பாதி நரி ஓடிவிடும்.

"அப்ப சாவியக் குடு," என்றார் க்ளெம்.

முன்சீட்டில் உட்கார்ந்து ஓடையோரமாக மெதுவாக ஓட்டினார். தலைக்கு மேலே இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று காதில் விழவில்லை. தன்னைப் பற்றித்தானோ என்று மனம் குடைந்தது. ஆண்டவரே, இதை என்னிடமிருந்து எடுத்துப்போடும் என்று வேண்டினார். எடுத்துப்போட்டதாகத் தெரியவில்லை.

மேலிருந்து கூரையை யாரோ ஒரு முறை தட்டினார்கள். நிறுத்து என்று பொருள். ஹார்வி என்றால் விரல் முட்டியால் தட்டுவார். இது உள்ளங்கை, பிரெண்டனுடையது.

க்ளெம் ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார். பிறகு வண்டியை நிறுத்தி, சுடுகிறவரின் குறி ஆடாமலிருக்க எஞ்சினையும் அணைத்தார்.