வாசலில் வேப்பிலை தொங்கிய நாலு நாள்

மாத்திரையை நிறுத்தியது நான்தான். யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஒரு மாசத்துக்கென்று எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு அது. பழைய சீட்டையே நீட்டி நீட்டி, மாட வீதி மருந்துக்கடையில் பத்து மாசம் வாங்கித் தின்றேன். முதுகிலும் முழங்கையிலும் செதில் செதிலாய் உதிர்ந்த சொரியாசிஸ் அடங்கிவிட்டது. ஆனால் மூஞ்சி பூசணிக்காய் மாதிரி உப்பிப்போச்சு. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, "மாமியார் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல" என்று சிரித்தாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! அன்றைக்கே மிச்ச மாத்திரையெல்லாம் குப்பையில்.

பத்தாம் நாள் காய்ச்சல். உடம்பு முழுக்கச் செக்கச்செவேல். அதன்மேல் கடுகு கடுகாய்ச் சீழ் முத்து. ஆடி மாசம் வேறு. மாமியார் வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி வந்துட்டாடா," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "டாக்டரு, ஊசி, மாத்திரை ஒண்ணும் கூடாது. ஆத்தாவுக்கு ஆவாது."

எனக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? சின்ன வயசிலேயே எனக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அத்தை கெட்டவர் இல்லை. என் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று பயம், அவ்வளவுதான். ஒட்டாது, ஒட்டாது என்று நாலு வருஷமாய்த் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் தட்டு தனி, துண்டு தனி. தப்பித்தவறி என் துணியில் கை பட்டுவிட்டால், அடுத்த நிமிஷம் குளியலறையில் செம்பால் தண்ணி மொள்ளுகிற சத்தம் கேட்கும். தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக்கிடந்த காலம் அது. குடிக்கிற தண்ணியையே பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார். என்னைத் தொட்ட தோஷத்துக்கு மட்டும் ரெண்டு செம்பு போகும். அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன்.

அம்மை என்றதும் எல்லாம் தலைகீழ். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது. அத்தை கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். என்னைத் தொட்டபிறகு கழுவவில்லை. இளநீரை வாயில் ஊற்றினார், வேப்பங்கொத்தால் முதுகை வருடிக்கொடுத்தார். "ஆத்தா குளுந்து போயிடுவா கண்ணு, பயப்படாதே." அந்த நாலு நாள் நான் அசிங்கம் இல்லை, சாமி. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பைத்தியக்காரி!

நாலாம் நாள் முத்தெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து சீழ்க் குளமாய் நின்றது. கால் வீங்கிவிட்டது. குளிரில் பல் கிட்டிக்கொண்டது. எழுந்து நிற்கப் போனேன், கண்ணை இருட்டியது. அம்மையாக இருந்தால் இறங்குகிற நேரம். எனக்கோ ஏறிக்கொண்டே போனது. செத்துவிடுவேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் எனக்குத் தலைக்குத் தண்ணி ஊற்ற அத்தை மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, இது அம்மை இல்ல. என் பழைய வியாதிதான். மாத்திரைய நானா நிறுத்திட்டேன்."

அம்மிச் சத்தம் நின்றது. "தெரிஞ்சேவா சும்மா படுத்துக்கினு இருந்தே?"

தலையை ஆட்டினேன்.

"அடிப்பாவி!" என்று போட்டது போட்டபடி ஓடி, ஆட்டோவோடு வந்தார். டிரைவர் வாசல் வேப்பிலையைப் பார்த்ததும், "அம்மை வூட்டு சவாரியா? வேணாம்மா" என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார்.

"அம்மை இல்ல நைனா! தோலு வியாதி. ஒட்டாது!" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் சொல்லிச் சொல்லிச் சலித்த வார்த்தை.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், தோலையும் கொஞ்சம் வெட்டி அனுப்பினார். கிருமி எதுவும் இல்லை. சொரியாசிஸிலேயே பொல்லாத ஜாதி இது, ஸ்டீராய்டைத் திடுதிப்பென்று நிறுத்தினால் இப்படித்தான் பாயும் என்றார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்று வாரம் வார்டில் கிடந்தேன். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, உடம்பெல்லாம் களிம்பு.

வீட்டுக்கு வந்த அன்று வேறு பயம் பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தாச்சு. ஆனால் இனி நான் சாமி இல்லையே, பழைய வியாதிக்காரிதானே. மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எட்டாத முதுகுக்குக் களிம்பை எட்டி எட்டித் தடவிக்கொண்டிருந்தேன்.

"குடு இங்க, பொய்க்காரி." டப்பாவைப் பிடுங்கி, முதுகு முழுக்க அழுத்தித் தேய்த்தார் அத்தை. தேய்த்து முடித்து எழுந்து போனார். என் காது குளியலறைப் பக்கமே இருந்தது. இதோ கேட்கும், இதோ கேட்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செம்புச் சத்தம் வரவில்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்த களிம்பைத் தன் பித்தவெடிப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கீது," என்றார்.