ஆதம்பாவாவின் பஸ் நின்ற நாள்

காத்தான்குடி ஆதம்பாவாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டில் ஒரு பஸ் வழியில் நிற்காமல் ஊர் போய்ச் சேர்ந்தால் அதுதான் அதிசயம். நின்றாலும் ஆதம்பாவா பதறமாட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவான். "முதல்ல எண்ணெய், மறுகா நெருப்பு, அதுக்கும் மறுகாதான் ஏச்சு" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்குவான். அந்த ஒழுங்கை அவன் ஒருநாளும் மாற்றியதில்லை.

அன்றைக்கு மட்டும் பேச்சே வரவில்லை. முன் ஆசனத்தில் ஸாலிஹா உம்மா இருந்தார். அவருடைய மகள் ஸைனம்புவை ஆதம்பாவாவுக்குக் கேட்டு அவன் வாப்பா போய்வந்திருந்தார். "நடுரோட்டுல நிக்கிற வண்டிக்காரனுக்குக் குடுத்திட்டு, என்ட மகள் சோத்த மூடி வெச்சி வாசலப் பாத்திட்டு இரிக்கவா?" என்று கேட்ட அந்த மனுசி, கல்முனைக்குடித் தர்காவில் கந்தூரி விழா முடிந்ததும் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். கந்தூரி முடிந்தது. பையனின் வண்டியைத்தான் பார்ப்போமே என்று, வேண்டுமென்றே அவனுடைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். ஸைனம்புவை நினைத்தால் ஆதம்பாவாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் உம்மாவைப் பார்த்தாலும் அடித்துக்கொண்டது, அது வேறு காரணத்துக்காக.

களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது எஞ்சின் இருமியது. பிறகு மூச்சை விட்டுவிட்டது.

அந்த வண்டிக்குப் பெட்ரோல் தாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே. மூடியைத் திறந்து குச்சியை விட்டான். குச்சி பாதிக்கு மேல் நனைந்து வந்தது. எண்ணெய் இருக்கிறது. பிளக் வயரைக் கழற்றி இரும்புக்கு அருகில் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் ஏறிய வயல்காரர் கந்தப்போடியாரை எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுழற்றச் சொன்னான். போடியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகி முனகிச் சுழற்றினார். பொறி பறந்தது. நெருப்பும் இருக்கிறது. வயரை மாட்டி இன்னொரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் ஒன்றும் நடக்காத மாதிரி உறுமியது.

"பாத்தீங்களா மாமி?" என்றான் ஆதம்பாவா.

மாமி பார்த்தார். சிரிக்கவில்லை.

தேற்றாத்தீவு வந்ததும் பஸ் திரும்பவும் நின்றது. ஆதம்பாவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கை பழக்கத்தை விடுமா? மூடியைத் திருகினான். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. சந்தை இரைச்சலில் முதல் தடவை அது கேட்கவில்லை. யோசித்தான். களுவாஞ்சிக்குடியில் தான் எதையும் திருத்தவில்லையே, மூடியைத் திறந்து மூடியதைத் தவிர!

மூடியைத் திருப்பிப் பார்த்தான். அதன் நடுவே ஊசித் துவாரம் ஒன்று உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகவேண்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரேயொரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாதே, அதே கதைதான். அந்தத் துவாரத்தைச் சந்தனம் அடைத்திருந்தது. நல்ல வாசனையான கந்தூரிச் சந்தனம்.

கல்முனைக்குடியில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது பஸ்ஸின் விளக்கு, மூடி எல்லாவற்றிலும் சந்தனம் பூசியிருந்ததை அவன் கண்டிருந்தான். யாரோ ஆசையாகப் பூசியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டான். இப்போது நிமிர்ந்து பார்த்தால், ஸாலிஹா உம்மாவின் மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம். விரலெல்லாம் சந்தனம்.

உண்மையைச் சொன்னால் பஸ் முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால், நடுரோட்டில் நிற்கிற வண்டிக்காரன் என்ற பெயர் நிலைத்துவிடும். ஸைனம்பு கைவிட்டுப் போய்விடுவாள். ஆதம்பாவா ஒரு முள்ளை ஒடித்துத் துவாரத்தைக் குத்தினான்.

"என்ன தம்பி பிழை?" என்றார் கந்தப்போடியார்.

"தூசு அடைச்சிரிக்கி போடியார். காலையில நான் துடைக்கல்ல. என்ட பிழைதான்."

"மூடியத் துடைக்க நேரமில்லாதவனுக்கு ஒரு பஸ்!" என்று போடியார் முழங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆதம்பாவாவும் பல்லைக் காட்டினான். உள்ளே செத்துப்போனான்.

ஸாலிஹா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு இறங்கி வந்தார். முள் முனையை உற்றுப் பார்த்தார்.

"அது தூசில்ல போடியார். நான் பூசின சந்தனம். வழியில ஒண்டும் ஆகப்படாதெண்டு பூசினன். நானே வண்டிய நிப்பாட்டிட்டன்."

சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிப்போனது. அவர் ஆதம்பாவா பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியும்தானே?"

"ஓம் மாமி."

"மறுகா என்னத்துக்குப் பொய் சொன்னாய்?"

"ஒங்களச் சிரிப்பாங்க மாமி. அத என்னால பாத்துக்கிட்டு நிக்கேலா."

ஸாலிஹா உம்மா அவன் கையிலிருந்த முள்ளை வாங்கி எறிந்தார். பிறகு சந்தன விரலை நீட்டி அவனை அதட்டினார்.

"என்னட்ட மறைச்சதுபோல என்ட மகள்ட்ட மறைக்கப்படாது. அவள் என்னைப்போல பொறுமைக்காரி இல்ல, சொல்லிப்போட்டன்."

ஆதம்பாவா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றான். கந்தப்போடியார்தான் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"இன்னும் என்ன முழிக்கிறாய் தம்பி? வண்டிய எடு. மனுசிக்குக் கலியாண வேலை கிடக்கு!"